பொறுமை என்று போட்டிருந்தது

எழுதிப் பிழைக்கிறவர்களுக்குச் சிவகாசி மாதிரி ஊர் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்வார்கள். அச்சகம் இல்லாத தெரு இல்லை. கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி, நோட்டு அட்டை, கோயில் கொடை நோட்டீஸ் என்று எதற்காவது நாலு வரி தேவைப்படும், அதை எழுத ஓர் ஆளும் தேவைப்படும். நிறைமதி அந்தப் பேச்சை நம்பித்தான் காலேஜ் முடித்த கையோடு இந்த வேலையில் இறங்கினாள். அவள் இறங்கின நேரம் பாருங்கள், எந்திரங்களும் எழுத ஆரம்பித்திருந்தன.

முதலில் விளம்பர வேலை போயிற்று. அடுத்து கல்யாண மேடையில் ஃபிரேம் போட்டுக் கொடுக்கிற வாழ்த்துமடல் போயிற்று. கடைசியில் அவளுக்கு மிஞ்சியது காதுகுத்து ஃபிளெக்ஸில் தாய்மாமன்கள் படத்துக்கு மேலே போடுகிற இரண்டு வரி மட்டும்தான். அதையும் ஃபிளெக்ஸ் கடை மிஷினே எழுதத் தொடங்கியதும் அவள் அச்சகம் அச்சகமாக நாயாய் அலைந்தாள். "உன் எழுத்துல ஒரு குறையும் இல்ல தாயி, எங்களுக்குத்தான் ஆள் தேவைப்படல" என்று ஒவ்வொருவரும் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். காப்பிக்குப் பஞ்சமில்லை.

இத்தனை வருஷத்தில் ஊர்ப்பட்ட கடைகளின் பெயர், மாப்பிள்ளைகளின் பெயர், மச்சான்களின் பெயர் எல்லாம் அவள் கையால் அச்சேறியிருக்கின்றன. அவள் பெயர் மட்டும் எதிலும் ஏறவில்லை. "எல்லாம் நீ எழுதினதுங்கிறே. எங்கடி உன் பேரு?" என்று அவளுடைய அம்மா சாகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் போனதுதான் நிறைமதிக்கு ஆறாத குறை. அம்மா போன பிறகு, கட்டிங் மிஷின் பட்டறைக்கு மேலே வாடகை அறையில் தனியாக இருந்தாள்.

அப்படி இருந்தபோதுதான் சுபதினம் காலண்டர் கம்பெனியில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனாள். எழுத்துப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் பாக்கியநாதன். ஐம்பது தாண்டியவர், சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மூக்குக் கண்ணாடி வைத்திருப்பார்.

"ராசிபலன் எழுதுவியாம்மா?"

"ஜோசியம் தெரியாது சார்."

"தெரியாம இருக்கிறதுதான் நல்லது" என்றார். மேஜைக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். பார்த்தால் பழைய தினசரி காலண்டர் மாதிரியேதான் இருந்தது. மேலே லட்சுமி படம், கீழே தேதி. விரலை வைத்து இழுத்தால் தாள் கிழிகிற சத்தம்கூடக் கேட்கும். "ஆனா இதுல பன்னெண்டு ராசிக்கும் பொதுவாப் போடுறதில்ல. வீட்ல இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனிப் பலன். கையில பட்டை கட்டியிருக்காங்கல்ல? நாடி, சர்க்கரை, தூக்கம், போற இடம் வர்ற இடம் எல்லாத்தையும் அது பாத்துக்கிட்டே இருக்கும். நாளைக்கு இந்த ஆளுக்கு என்ன ஆகும்னு கணக்குப் போட்டுரும். முக்காவாசி சரியா இருக்கும்."

"அப்ப அதையே சொல்லிற வேண்டியதுதானே சார்?"

"நாளைக்கு உனக்கு மயக்கம் வரும்னு சொன்னா அந்தப் பயத்துலயே விழுந்துருவான். சட்டமும் விடாது. அதனால அந்த ஆளை என்ன செய்ய வைக்கணுங்கிறது மட்டும் நம்ம கைக்கு வரும். அதுக்கு நோக்கம்னு பேரு. தண்ணி குடிக்க வை, வண்டி எடுக்காம பாத்துக்க, இந்த மாதிரி. அதை நீ ராசிபலனா எழுதிக் குடுக்கணும்."

"மிஷின் எழுதாதா?"

"எழுதுச்சு. ஜனங்க படிச்சாங்க, கேக்கல. மனுஷன் எழுதினாக் கேக்கிறாங்க. ஏன்னு ஒருத்தனுக்கும் தெரியல. தெரியிற வரைக்கும் நமக்குச் சோறு."

"வீட்டுக்காரங்க கிட்ட காசு வாங்கறதில்லையே சார். யார் குடுக்கிறா?"

"இன்சூரன்ஸ் கம்பெனி. ஆளு நல்லா இருந்தா அவங்களுக்குச் செலவு மிச்சம். எல்லாருக்கும் நல்லதுதானே?"

நிறைமதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வேலை என்னவோ சின்னதுதான். ஒரு ராசி, ஒரு வயது, ஒரு நோக்கம் திரையில் வரும். பெயர் வராது, ஊர் வராது. எழுதி அனுப்பினால் மறுநாள் அந்த ஆள் சொன்னபடி நடந்தாரா இல்லையா என்று கைப்பட்டை காட்டிக் கொடுத்துவிடும். அதற்கு ஏற்பு என்று பெயர். ஏற்பு ஏற ஏற எழுதுகிறவர்களும் படி ஏறுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற முதல் படிக்குப் போனால் வேலை நிரந்தரம், சில வீடுகளைத் தனக்கென்று எடுத்துக்கொள்ளலாம், தாளின் அடியில் எழுதியவர் பெயரைப் போடுவார்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்ட அன்றிலிருந்து நிறைமதிக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று.

மற்றவர்கள் நோகாமல் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆளைக் கடைப்பக்கம் போகவிடாமல் தடுக்க 'செலவு'. பயணத்தை நிறுத்த 'அலைச்சல்'. ஏதாவது காரியத்தைத் தள்ளிப்போட வைக்க 'பொறுமை'. நிறைமதி அப்படிச் செய்யமாட்டாள். காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடுகிற ஒரு பெண்ணுக்கு, "இன்று உங்கள் கையால் முதல் கவளம் யாருக்குக் கொடுக்கிறீர்களோ அவருக்கு நாள் நன்றாக இருக்கும், உங்களுக்கே கொடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினாள். அந்தப் பெண் சாப்பிட்டாள். ஊர் பேர் தெரியாத யாரோ ஒருத்தி தன் வரியைப் படித்துவிட்டு இரண்டு இட்லி தின்றாள் என்பதில் நிறைமதிக்கு அத்தனை சந்தோஷம். அவள் எழுதியதைப் படித்து இதற்கு முன் யாரும் எதுவும் செய்ததில்லை.

அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஒரு ரிஷப ராசிக்காரர் திரையில் வந்தார். அறுபதைத் தாண்டிய ஆண். நோக்கம்: இரண்டு நாளைக்கு வீட்டை விட்டு வெளியே போகவிடாதே. வெயில் ஆகாத உடம்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அந்த இரண்டு நாளும் ரிஷபத்துக்குச் சந்திராஷ்டமம். சொல்லவா வேண்டும்? சந்திராஷ்டமம் என்றால் புது வேட்டி கட்டக்கூட யோசிக்கிற ஜனம் நம் ஜனம். "இரண்டு நாள் சந்திராஷ்டமம். வாசலைத் தாண்ட வேண்டாம். எது வந்தாலும் வீட்டுக்குள்ளேயே தீரும்" என்று எழுதினாள். எழுதியதை ஒரு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, பிடித்துப்போய் அனுப்பினாள். ஏற்பு முழுதாக வந்தது.

அடுத்த மாதம் பாக்கியநாதன் அவளை ஆபீசுக்கு வரச்சொன்னார். அவள் உட்காருவதற்குள்ளேயே பதிவு செய்து வைத்திருந்த ஒரு குரலை ஓடவிட்டார்.

"நான் சங்கரன்கோவில்ல இருந்து கோமதி பேசுதேன். எங்க வீட்டுக்காரரு போன மாசம் தவறிட்டாரு. அன்னைக்கு உங்க காலண்டர்ல சரியாப் போட்டிருந்துச்சு, சந்திராஷ்டமம்னு. சாயங்காலம் நெஞ்சு வலிக்குன்னாரு. நான் ஆட்டோவக் கூப்பிடப் போனேன். வாசலைத் தாண்ட வேண்டாம்னு போட்டிருக்குல்லா, எது வந்தாலும் வீட்டுக்குள்ளயே தீந்துரும், விடியட்டும்னுட்டாரு. விடியல. ஆனா எம் மடியில தலைய வச்சித்தான் போனாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருந்தா வழியிலயே அநாதையாப் போயிருப்பாரு. எழுதினவங்க நல்லா இருக்கணும்."

குரல் நின்றது. பாக்கியநாதன் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். "நெஞ்சுவலியிலயும் அந்த ஆளு வாசலைத் தாண்டலம்மா. இப்படி ஒரு ஏற்பு இதுவரைக்கும் யாருக்கும் வந்ததில்ல. மேலிடத்துல பாத்துட்டாங்க. உன்னை முதல் படிக்கு ஏத்தச் சொல்லிட்டாங்க. இனிமே தாள்ல உன் பேரு வரும்."

எத்தனையோ வருஷமாகக் காதில் விழாதா என்று ஏங்கிய வார்த்தை. அது விழுந்தபோது நிறைமதியின் காதில் கோமதியின் குரல்தான் நின்றது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வெயிலுக்காகத்தானே சார் வெளியே போகவிடாதேன்னு வந்துச்சு?"

"காரணம் நமக்கு வராதும்மா. எனக்கும் வராது."

"அன்னைக்கு நெஞ்சுவலி வரும்னு கணக்குக்குத் தெரியும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "தெரிஞ்சிருக்கும்" என்றார்.

"தெரிஞ்சும் ஆளை வீட்டுக்குள்ளயே வையின்னு சொல்லுச்சா?"

"நிறை, நான் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளைக் கரையேத்தணும். இந்தக் கேள்விய நான் யார்கிட்டயும் கேட்டதில்ல. நீயும் கேக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. அவள் கிளம்பும்போது படியிறங்கி வாசல்வரை வந்தார். முதல் படிக்குச் சம்மதம் சொல்ல வாரக் கடைசி வரை அவகாசமும் வாங்கிக் கொடுத்தார். விளம்பரத்தில் போடுவதற்காகக் கோமதியின் விலாசத்தை வாங்கி வைத்திருந்தார்கள். நிறைமதி கேட்டபோது, எதற்கு என்று கேட்காமல் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் அவள் அறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் பலகையில் 'அலைச்சல்' என்று போட்டிருந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

சங்கரன்கோவிலில் கோமதியின் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு நெருக்கமான தெருவில் இருந்தது. கதவைத் திறந்த அம்மாள் நல்ல உயரம். முகம் மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது. காலண்டர் கம்பெனி என்று சொன்னதும், "வா தாயி, வா" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் மாலை போட்ட படம். அதற்குப் பக்கத்திலேயே காலண்டர் பலகை, அதற்கும் ஒரு முழம் பூ.

பஸ்ஸில் நிறைமதி எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பூவைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

"அந்த வரிய எழுதினது நான்தாம்மா. எனக்கு ஜோசியம் தெரியாது. உங்க வீட்டுக்காரரை வீட்ல இருக்க வைக்கச் சொன்னாங்க. வெயிலுக்குன்னு நெனச்சு எழுதினேன். நெஞ்சுவலி வரும்னு எனக்குத் தெரியாது. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா அவர் பிழைச்சிருப்பாரு. என்னாலதான் போகாம இருந்தாரு."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் வந்திருந்தாள். கோமதி அடிக்கவில்லை. எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீ எழுதல தாயி. ஒன்னய எழுத வச்சிருக்கு."

"கம்பெனிதாம்மா எழுத வச்சது."

"கம்பெனிய யாரு எழுத வச்சா?" அவள் குரலில் கோபமே இல்லை. "அவருக்கு அன்னைக்குத்தான் முடியணும்னு இருந்திருக்கு. அது ஒங்கையில வந்து விழுந்திருக்கு. நீ ஏன் அதத் தலையில தூக்கிட்டு அலையுத? தண்ணியக் குடி."

நிறைமதி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கைப்பட்டை, கணக்கு, நோக்கம், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோமதி எல்லாவற்றுக்கும் ஊம் கொட்டினாள். எதுவும் உள்ளே போகவில்லை. போகவிட்டால் புருஷன் தன் மடியில் போன அந்த ராத்திரி என்ன ஆகும்? அதை வைத்துக்கொண்டுதான் அவள் பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தாள். அது புரிந்ததும் நிறைமதி பேச்சை நிறுத்திவிட்டாள்.

கிளம்ப எழுந்தபோது, கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

"உடம்பு சரியில்லையாம்மா?"

"கர்ப்பப்பையில கட்டி. ரத்தம் நிக்க மாட்டேங்குது. திருநெல்வேலி டாக்டரு ஒடனே எடுத்துறணும்னு சொல்லிட்டாரு. இன்சூரன்ஸும் இருக்கு. ஆனா இவரு இல்லாத வீட்ல நாள் பாத்துச் சொல்ல ஆளு வேணும்லா? காலண்டரைத்தான் பாத்துட்டிருக்கேன். எனக்குக் கன்னி ராசி. டாக்டரப் பாத்துட்டு வந்த நாள்ல இருந்து தெனமும் பொறுமை, பொறுமைன்னே வருது. நல்ல நாள் வந்துட்டா ஒரு நிமிசம் நிக்க மாட்டேன்."

நிறைமதி திரும்பிப் பலகையைப் பார்த்தாள். கன்னி: பொறுமை. சிவகாசியில் தன்னைப் போலவே யாரோ ஒருத்தியோ ஒருத்தனோ, படி ஏறவேண்டும் என்ற ஆசையில், யார் எவர் என்று தெரியாமல் தினமும் இதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இந்த அம்மாளுக்கு வந்திருக்கிற நோக்கம் என்ன என்று அவளுக்கு விளங்கிவிட்டது. ரிஷப ராசிக்காரருக்கு வந்த நோக்கம் எதற்காக என்பதும் அப்போதுதான் விளங்கிற்று. ஆள் ஆஸ்பத்திரிக்கே போகாவிட்டாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் செலவு மிச்சம்தான். 

"அம்மா, காலண்டரைப் பாக்காதீங்க. இன்னைக்கே வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஆளு சொல்லி எப்படிம்மா கெளம்புவேன்?" என்றாள் கோமதி, குழந்தைக்குச் சொல்வது போல. "அதுல வரட்டும்."

நிறைமதி தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாள். அன்று மாலையே நேராகப் பாக்கியநாதனிடம் போய், முதல் படிக்குச் சம்மதம் என்றாள்.

"நல்ல முடிவு" என்றார் அவர்.

"ஒரு வீடு எனக்கு வேணும் சார். சங்கரன்கோவில் வீடு."

அவர் இரண்டாவது கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அவளை வெகுநேரம் பார்த்தார். "நோக்கத்துக்கு மாறா எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல? படி இறக்க மாட்டாங்க, வாசல்லயே நிறுத்திருவாங்க. ஊர்ல வேற ஒரு காலண்டர்லயும் சேத்துக்க மாட்டாங்க."

"தெரியும் சார்."

"என்ன எழுதப் போறேன்னு எங்கிட்ட சொல்லாதே" என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

திரையில் வந்தது. கன்னி. ஐம்பத்தெட்டு. நோக்கம்: சிகிச்சையைத் தள்ளிப்போட வை. அதற்குக் கீழே, இதுவரை அவள் பார்த்திராத ஒரு கட்டம் இருந்தது. எழுதியவர் பெயர். முதல் தடவையாகத் தன் பெயரைத் தானே அடித்தாள். அம்மா இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். பிறகு பலனை எழுதினாள். எத்தனையோ நாள் எத்தனையோ பேருக்கு எழுதிப் பழகிய கை, இந்த வரிக்கு ஜோடனை எதுவும் தேடவில்லை.

"பொறுத்தது போதும். நாள் வந்துவிட்டது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வாசலைத் தாண்டுங்கள்."

மறுநாள் மத்தியானம் பாக்கியநாதன் போன் செய்தார். "அந்தம்மா காலையில முதல் பஸ்ஸுக்கே போயிட்டாங்க" என்றார். "உன் பேரை எடுத்துட்டாங்கம்மா. நாளையிலிருந்து நீ வர வேண்டியதில்ல. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வீட்லதான் வந்திருக்கு."

"போதும் சார்" என்றாள் நிறைமதி. அழுகை வந்தது. அழுதாள். ஆனால் போதும் என்று சொன்னது பொய்யில்லை.

பிறகு அவள் பழையபடி அச்சகங்களில் ஏறி இறங்கினாள். யாரும் இப்போது காப்பிகூட வாங்கிக் கொடுக்கவில்லை. விஷயம் ஊருக்குள் பரவிவிட்டிருந்தது. ஒரு டைப் பயிற்சி நிலையத்தில் வகுப்பு எடுத்தாள். அறைச் சுவரில் இருந்த பலகையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

ஆடி மாதம் ஒரு காலையில் கோமதி கூப்பிட்டாள். குரலில் தெம்பு ஏறியிருந்தது.

"தாயி, பிழைச்சிட்டேன். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா கையில சிக்கியிருக்க மாட்டேன்னு டாக்டரு சொன்னாரு. இத்தனை நாளு எழுந்து நடக்க முடியல, அதான் கூப்பிடல. தாள்ல ஒன் பேரு பாத்தேன். நெறமதின்னு."

"பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? அந்தத் தாளப் போட்டோ எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்கேன். எப்பேர்ப்பட்ட காலண்டரு! நம்பாம இருந்தவங்களுக்கெல்லாம் காட்டுனேன். போதும், போன்னு மனுசன் சொன்ன மாதிரில்லா போட்டிருந்துச்சு. இப்ப எங்க தெருவுல ஒரு வீடு விடாம எல்லாரும் மாட்டிட்டாங்க. எம் பேச்சைக் கேட்டுத்தான்."

நிறைமதி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"யாரு யாரும்மா?"

"எதிர்வீட்டு டெய்லர் அண்ணாச்சி. அவருக்கு ரெண்டு நாளா எடது கை வலிக்குன்னு ஒரே பொலம்பல். பெறவு மேல வீட்டு மாசமா இருக்க பிள்ள. அதுக்குக் காலு வீங்கியிருக்கு. அங்கிட்டு, சர்க்கரைக்காரரு ஒருத்தரு."

"அவங்களுக்கெல்லாம் இன்னைக்கு என்ன போட்டிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா. இப்பவே."

கோமதி வாசலுக்குப் போய்ச் சத்தம் கொடுத்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் பதில் சொல்வது போனில் மங்கலாகக் கேட்டது. கோமதி திரும்பி வந்து, சந்தோஷமாகச் சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான் வந்திருக்கு தாயி. பொறுமையாம்."